ஓட்டு கேட்டு வருபவரும் தெருநாயும்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

மார்கழி விடியலில் விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டைப் பக்கம் போனால், சூளைச் சுவரை ஒட்டி நாய்கள் சுருண்டு கிடக்கும். இரவெல்லாம் எரிந்த சூளையின் சூடு அவற்றுக்குப் போர்வை. வேலைக்கு வருகிற பெண்கள் டீக்கடை பன்னில் பாதியைப் பிய்த்துப் போட்டுவிட்டு உள்ளே போவார்கள். அதே நாய்தான் இரவு ஜங்ஷனில் ரயில் இறங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தனியாக நடந்து வருகிறவரைப் பாலக்கரை வரை துரத்தும். பன் போட்டவருக்கு அது வாயில்லா ஜீவன். ஓடி விழுந்தவருக்கு எமன். இரண்டு பேருக்கும் ஓட்டு உண்டு.

2022 பிப்ரவரி 19-ல் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் அமைந்த மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. அடுத்த தேர்தல் வந்ததும் நம் நகராட்சியின் 33 வார்டுகளிலும் கரை வேட்டிகள் படியேறும். குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு என்று வழக்கமான பட்டியலோடு இந்த முறை நாயும் சேரும். தமிழ்நாட்டில் 2024-ல் மட்டும் பதிவான நாய்க்கடி சுமார் 4.80 லட்சம். ரேபிஸில் இறந்தவர்கள் 43 பேர். ஊருக்கு ஊர் நாய்தான் பேச்சு.

வாசலில் மூன்று வகைப் பதில் கிடைக்கும். "ஜெயிச்சு வந்ததும் ஒரு நாய்கூடத் தெருவுல இருக்காது" என்பார் ஒருவர். "அதுவும் உயிர்தானேம்மா, கோர்ட்டே தொடக்கூடாதுன்னு சொல்லிடுச்சே" என்பார் அடுத்தவர். "பாத்துக்கலாம்ண்ணே" என்பார் மூன்றாமவர். மூன்றும் சுடாத மண்பாண்டம். முதல் மழைக்கே கரையும். எது சூளையைத் தாண்டி வந்த வாக்குறுதி, எது பச்சை மண் என்று தட்டிப் பார்க்கத்தான் இந்தப் பட்டியல்.

முதலில் ஒரு நிமிடம்: சட்டம் என்ன சொல்கிறது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் கேள்வி கேட்டால், பதிலை எடை போட முடியாது.

தெருநாய், சுற்றித் திரியும் மாடு எல்லாம் உள்ளாட்சியின் பொறுப்பு. அரசியல் சாசனத்தின் 12-வது அட்டவணையில் நகராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 18 பணிகள் உள்ளன. அதில் 15-வது, கால்நடைப் பட்டிகளும் விலங்குவதைத் தடுப்பும். ஆகவே "இது எங்க வேலை இல்ல" என்று ஒரு கவுன்சிலர் கையை விரிக்க முடியாது.

ஆனால் வேலையை எப்படிச் செய்வது என்பதை மத்திய சட்டம் வகுத்துவிட்டது. 1960-ம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2001-ல் நாய்களுக்கான இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. அவற்றுக்குப் பதிலாக 2023 மார்ச்சில் புதிய விதிகள் வந்தன. நாயைப் பிடி, கருத்தடை செய், ரேபிஸ் தடுப்பூசி போடு, பிடித்த இடத்திலேயே விடு: சுருக்கம் இதுதான். இதை நடத்துவது உள்ளாட்சி. அதைக் கண்காணிக்க உள்ளூர் அளவில் ஒரு குழுவும் இருக்க வேண்டும்.

இதன் மேல் 2025-ல் உச்ச நீதிமன்றம் சில திருத்தங்களைச் செய்தது. ஆகஸ்ட் 11-ல் இரண்டு நீதிபதிகள் அமர்வு, டெல்லித் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. ஆகஸ்ட் 22-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. கருத்தடை, தடுப்பூசி, குடற்புழு நீக்கம் முடிந்த நாயைப் பிடித்த இடத்திலேயே விடலாம். ரேபிஸ் கண்டதையும் மூர்க்கமாகக் கடிப்பதையும் விடக்கூடாது. கண்ட தெருவில் சோறு வைக்கக்கூடாது, அதற்கென்று இடம் ஒதுக்க வேண்டும் என்றது. வழக்கை நாடு முழுவதற்கும் விரித்தது. நவம்பர் 7-ல் இன்னொரு உத்தரவு: பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகிய இடங்களில் பிடிக்கும் நாய்களை மறுபடி அங்கே விடக்கூடாது, காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும், நெடுஞ்சாலைகளில் திரியும் மாடுகளையும் அப்புறப்படுத்த வேண்டும்.

நம் ஊர் வரைபடத்தில் இதை வைத்துப் பாருங்கள். பேருந்து நிலையம், ரயில்வே ஜங்ஷன், அரசு மருத்துவமனை, கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரி, அத்தனை பள்ளிகள் எல்லாம் நவம்பர் உத்தரவுக்குள் வரும். மற்ற தெருக்கள் 2023 விதிக்குள் வரும். ஒரே ஊரில் இரண்டு சட்டக்கோடு. எந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்று தெரிந்த வேட்பாளர்தான் பாடம் படித்து வந்தவர்.

வாக்காளர் செய்ய வேண்டியவை

1. எண்ணில் கேளுங்கள். "நாய்த் தொல்லை தாங்கல" என்று சொன்னால் "ஆமாம்மா" என்ற பதிலோடு அடுத்த வாசலுக்குப் போய்விடுவார். "நம்ம வார்டுல எத்தனை நாய் இருக்கு, அதுல எத்தனைக்குக் கருத்தடை ஆயிருக்கு?" என்று கேளுங்கள். கருத்தடை முடிந்த நாயின் காதில் ஒரு நறுக்கு அடையாளம் இருக்கும். உங்கள் தெருவில் ஒரு மாலை நடந்து நீங்களே எண்ணிவிடலாம். பத்து நாயில் எத்தனை காதில் நறுக்கு இருக்கிறதோ, அதுதான் சென்ற மன்றத்துக்கு உங்கள் தெரு போடும் மார்க்.

2. எழுபதைக் கேளுங்கள். ஓர் ஊரின் நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால், ரேபிஸ் பரவும் சங்கிலி அறும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. மனிதருக்கு வரும் ரேபிஸில் நூற்றுக்கு 99 நாய் மூலம்தான் வருகிறது. ஆண்டுக்கு ஒருநாள் முகாம் நடத்திப் படம் பிடித்துக்கொள்வது கணக்கில் சேராது. எழுபதை எப்போது தொடுவீர்கள் என்று கேளுங்கள்.

3. இடத்தைக் கேளுங்கள். கருத்தடைக்கு அறுவை அரங்கு வேண்டும், அதன்பிறகு நாயை வைத்துப் பார்க்கக் கூண்டு வேண்டும், பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவர் வேண்டும், பிடிப்பதற்கு ஆளும் வண்டியும் வேண்டும். இவற்றோடு இந்திய விலங்குகள் நல வாரியத்தின் அங்கீகாரமும் இருந்தால்தான் வேலை தொடங்கும். நம் நகராட்சிக்கு இதெல்லாம் எங்கே இருக்கிறது, இல்லையென்றால் எங்கே வரும்? தனியாகக் கட்டக் கட்டுபடியாகாது என்றால் திட்டக்குடி, வடலூர், பண்ருட்டி நகராட்சிகளோடு சேர்ந்து ஒரு மையம் கட்டும் யோசனை உண்டா? இடம் சொல்லாத வாக்குறுதிக்கு விலாசம் கிடையாது.

4. குப்பையைக் கேளுங்கள். நாய் காற்றைக் குடித்து வாழ்வதில்லை. கோழிக்கடைக் கழிவும் மீன் செதிலும் கல்யாண மண்டபத்து எச்சில் இலையும் எந்த மூலையில் கொட்டப்படுகின்றனவோ, அங்கேதான் நாய்க்கூட்டம் கூடும். சாப்பாடு குவியும் இடத்தில் எல்லை பிடிக்கிற சண்டை வரும். சண்டையின் நடுவே போகிற பிள்ளை கடிபடும். இறைச்சிக் கழிவைத் தனியாக, தினமும், விடிவதற்குள் எடுக்க ஏற்பாடு செய்வேன் என்று சொல்கிற வேட்பாளர், நாய் என்ற சொல்லையே உச்சரிக்காவிட்டாலும் பாதிப் பிரச்சினையைப் புரிந்துகொண்டவர்.

5. மாட்டையும் மறக்காதீர்கள். கடலூர் சாலையில் இரவில் படுத்திருக்கும் மாட்டின் மேல் மோதி விழுந்தவருக்கு நாயைவிட மாடுதான் பெரிய பிரச்சினை. கொண்டித் தொழுவம் என்ற சொல்லை இளைய வேட்பாளர்கள் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள். அவிழ்த்துவிட்ட மாட்டைப் பிடித்து அடைத்து, உரிமையாளர் அபராதம் கட்டிய பிறகு விடும் ஏற்பாடு அது. இதற்கான சட்டம் 1871-லிருந்தே இருக்கிறது. நம் ஊரில் அந்தத் தொழுவம் எங்கே, அபராதம் எவ்வளவு, யார் பிடிப்பார்கள் என்று கேளுங்கள். கறந்த பிறகு மாட்டைத் தெருவில் அவிழ்த்துவிடுகிறவரும் அந்த வார்டின் வாக்காளர்தான். அவரிடமும் இதே பதிலைச் சொல்வாரா என்று பாருங்கள்.

6. ஊசியைக் கேளுங்கள். கடிபட்டவருக்கு அரசு மருத்துவமனையில் தடுப்பூசி இலவசம். ஆழமாகக் கடித்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும் தேவை. இரண்டும் எல்லா நாளும் இருப்பில் இருக்கிறதா என்று மாதாமாதம் விசாரிப்பதாக ஒரு கவுன்சிலர் ஒத்துக்கொண்டால் போதும். காசே செலவாகாத வாக்குறுதி அது.

7. யாரைக் கடிக்கிறது என்று சொல்லுங்கள். நாய்க்கடி எல்லோருக்கும் சமமாக வருவதில்லை. விடியற்காலையில் பால் போடுகிறவர், பேப்பர் போடும் பையன், துப்புரவுப் பணியாளர், முதல் ஷிப்டுக்குச் சைக்கிளில் வரும் செராமிக் தொழிலாளி, டியூஷன் முடிந்து வரும் பிள்ளை ஆகியோர்தான் மாட்டிக்கொள்கிறார்கள். காரில் போகிறவருக்கு நாய் ஒரு சத்தம்தான். கூட்டம் போட்டுக் கேள்வி கேட்பதாக இருந்தால் முன்வரிசையில் இவர்களை உட்கார வையுங்கள்.

8. எழுதி வாங்குங்கள். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவது நமக்குப் புதிதில்லை. சாமியிடமே வாய்வார்த்தையில் சொல்லாமல், குறையைத் தாளில் எழுதிக் கட்டிவிட்டு வருகிற ஊர் இது. சாமிக்கே எழுத்து வேண்டியிருக்கும்போது வேட்பாளருக்கு வேண்டாமா? அவர் சொன்ன பதிலை ஒரு தாளில் எழுதி, அவர் முன்னாலேயே வாசித்துக் காட்டுங்கள். கையெழுத்துப் போடத் தயங்கினால் அந்தத் தயக்கமே பதில்.

வாக்காளர் செய்யக்கூடாதவை

1. "எல்லா நாயையும் ஒழிப்பேன்" என்பதற்குக் கை தட்டாதீர்கள். அப்படிச் செய்ய எந்த நகர்மன்றத்துக்கும் அதிகாரம் இல்லை. அதிகாரம் இருந்த காலத்திலும் அது பலிக்கவில்லை. சென்னை மாநகராட்சி பல தலைமுறைகளாக நாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்தது. நாய் குறையவில்லை. ப்ளூ கிராஸ் அமைப்பு 1960-களிலேயே முன்வைத்த கருத்தடை யோசனையை 1990-களின் நடுவில்தான் மாநகராட்சி ஏற்று, கொல்வதை நிறுத்தியது. ஒரு தெருவைக் காலி செய்தால் குப்பை அப்படியே இருக்க, அடுத்த தெரு நாய் வந்து இடம் பிடிக்கும். கருத்தடை ஆன பழைய நாய் தன் எல்லையைக் காத்துக்கொண்டு, குட்டி போடாமல் வயதாகும். பிடித்த இடத்தில் விடு என்று விதி சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்கு.

2. "சட்டம் கையைக் கட்டிப்போட்டிருக்கு" என்பதையும் நம்பாதீர்கள். சட்டம் செய்யச் சொல்லும் வேலையே ஏராளம். ரேபிஸ் சந்தேகம் உள்ள நாயைப் பிடித்துத் தனிமையில் அடைக்கச் சொல்கிறது. பிழைக்க வழியில்லாமல் வதைபடும் நாய்க்கு மருத்துவர் முறைப்படி வலியில்லாத சாவைத் தர அனுமதிக்கிறது. பள்ளி, மருத்துவமனை வளாகங்களைப் பாதுகாக்கச் சொல்கிறது. செய்யாமல் இருப்பதற்குத்தான் சட்டத்தில் இடமில்லை.

3. நாய்களைப் பிடித்து ஊருக்கு வெளியே விடச் சொல்லாதீர்கள். இரவோடு இரவாக ஒரு வண்டியில் ஏற்றி முந்திரித் தோப்புப் பக்கம் இறக்கிவிட்டால் நம் தெரு ஒரு வாரம் அமைதியாக இருக்கும். அந்தப் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளையின் கால் என்ன பாவம் செய்தது? அந்தக் கிராமமும் நம் நாய்களை இப்படித்தான் திருப்பி அனுப்பும். விதிக்கும் இது புறம்பு.

4. விஷம் வைக்காதீர்கள், வைப்பவரை மறைக்காதீர்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவில் விலங்கைக் கொல்வதற்கும் முடமாக்குவதற்கும் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. விஷம் கலந்த சோறு நாயோடு நிற்காது. கோழி தின்னும், ஆடு தின்னும், மணிமுத்தாற்று மணலில் விளையாடும் குழந்தையின் கையும் அதைத் தொடும்.

5. சோறு வைப்பவரை அடிக்கப் போகாதீர்கள். அவரைத் தடுக்க விதி சொல்லவில்லை. இடத்தை ஒழுங்குபடுத்தச் சொல்கிறது. பிள்ளைகள் விளையாடும் இடம், படிக்கட்டு, வாசல் வழி ஆகியவற்றிலிருந்து விலகி, ஒரு குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட நேரத்தில் வைக்க வேண்டும். பக்கத்து வடலூரில் வள்ளலார் 1867-ல் தருமசாலை தொடங்கியபோது, பசித்தவர்களுக்குச் சோறு போட ஓர் இடத்தையும் அடுப்பையும் நிலையாக அமைத்தார். கருணைக்கும் நிலையான இடம் இருந்தால்தான் அது நீடிக்கும். உங்கள் வார்டில் அந்த இடத்தைக் குறித்துத் தரச் சொல்லி வேட்பாளரைக் கேளுங்கள். சோறு வைப்பவருக்கும் ஒரு வேலை உண்டு: நாய் அவரிடம்தான் அண்டும், பிடிக்க வண்டி வரும்போது அவர் உதவ வேண்டும்.

6. பழைய வீடியோவைப் பரப்பாதீர்கள். வேறு மாநிலத்தில் என்றோ நடந்த நாய்க்கடிக் காட்சியை "நேத்து நம்ம ஊர்ல" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவது தேர்தல் நேரத்தில் சுலபம். பயந்த ஊர் பொறுமையாகக் கேள்வி கேட்காது.

7. இனப் பெயரை வைத்து மட்டும் பயப்படாதீர்கள். 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கம் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறியதை யாரும் மறக்கவில்லை. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் மத்திய அரசு 23 இனங்களுக்குத் தடை கோரிச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. உரியவர்களைக் கலந்து பேசவில்லை என்று கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரலில் அதை ரத்து செய்தது. அவசரத்தில் போட்ட தடை நீதிமன்றத்தில் நிற்காது. எந்த இன நாயானாலும் கயிறு யார் கையில் இருந்தது என்பதுதான் முதல் கேள்வி.

வேட்பாளர் செய்ய வேண்டியவை

1. ஒருநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு வார்டை நடந்து பாருங்கள். கூட்டமில்லாமல், மேளமில்லாமல். நாய் எங்கே கூடுகிறது, குப்பை எங்கே குவிகிறது என்று ஒரே நடையில் தெரிந்துவிடும்.

2. முடிந்ததை மட்டும் சொல்லுங்கள். ஒரு கவுன்சிலரால் நாய் பிடிக்க முடியாது. தீர்மானம் கொண்டுவர முடியும், பட்ஜெட்டில் தொகை கேட்க முடியும், கமிஷனரிடம் எழுத்தில் கணக்குக் கேட்க முடியும், கண்காணிப்புக் குழு கூடியதா என்று மன்றத்தில் எழுந்து கேட்க முடியும். இந்த நான்கையும் செய்வேன் என்றால் போதும்.

3. கால அட்டவணை கொடுங்கள். முதல் மூன்று மாதத்தில் கணக்கெடுப்பு, ஆறு மாதத்துக்குள் பெரும்பான்மை நாய்களுக்குத் தடுப்பூசி, ஓராண்டில் கருத்தடை மையம் என்பது போல. நாய் சுமார் 63 நாளில் குட்டி போடும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டியைக் கருத்தடைக்குப் பிடிக்கக்கூடாது என்றும் விதி இருக்கிறது. ஒரு வருடம் வேலை தடைபட்டால் முதல் வருடம் செய்ததும் வீண்.

4. வளர்ப்பு நாய்க்கு ஒரு பதிவு முறை கொண்டுவருவீர்களா என்று சொல்லுங்கள். சென்னை மாநகராட்சியில் வளர்ப்பு நாய்க்கு 50 ரூபாய் கட்டணத்தில் உரிமம், உடலில் மைக்ரோசிப் என்று 2025 இறுதியில் கட்டாயமாக்கினார்கள். தவறினால் 5,000 ரூபாய் அபராதம். நம் ஊருக்கு அது அளவில் பெரிதாக இருக்கலாம். தடுப்பூசிச் சான்று காட்டினால் ஒரு கழுத்துப் பட்டை என்ற எளிய முறைகூடப் போதும். யாருடைய நாய் என்று தெரிந்துவிட்டால் பாதி வழக்கு அங்கேயே தீரும்.

வேட்பாளர் செய்யக்கூடாதவை

1. பிரசாரத்தில் விலங்கை இழுக்காதீர்கள். காளைக்குத் துண்டு போட்டு ஊர்வலம் விடுவது, நாய் முதுகில் சின்னம் எழுதுவது, கூண்டுக் கிளியைக் காட்டி ஓட்டு கேட்பது ஆகிய எதுவும் வேண்டாம். 1989 சட்டமன்றத் தேர்தலில் ஜெயலலிதா அணிக்குச் சேவலும் ஜானகி அணிக்கு இரட்டைப் புறாவும் சின்னமாக இருந்ததை மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். சின்னத்து விலங்கை உயிரோடு பிடித்து ஊர்வலம் விடுவது வதையாகப் போனதால்தான், 1991-க்குப் பிறகு புதிதாக விலங்குச் சின்னம் ஒதுக்குவதைத் தேர்தல் ஆணையம் நிறுத்தியது. பிரசாரத்தில் விலங்கைப் பயன்படுத்த வேண்டாம் என்றும் கட்சிகளை அறிவுறுத்தியது.

2. வாசலுக்கு வாசல் பேச்சை மாற்றாதீர்கள். நாய் வளர்ப்பவர் வீட்டில் ஜீவகாருண்யம், கடிபட்டவர் வீட்டில் வேட்டை நாயகன் என்று இருந்தால், இரண்டு வீடும் பேசிக்கொள்ளும். விருத்தாசலம் அவ்வளவு பெரிய ஊர் இல்லை.

3. வெடிச் சரத்தை நாய் படுத்த இடத்தில் கொளுத்தாதீர்கள். மிரண்ட நாய் ஓடிப்போய் யாரைக் கடிக்கும் என்று சொல்ல முடியாது. கடிபட்டவர் உங்கள் ஓட்டராகவும் இருக்கலாம்.

4. நாய் பிடிக்கும் குழுவை உங்கள் வீட்டுத் தெருவுக்கு மட்டும் அழைக்காதீர்கள். வரிசை வார்டு கணக்கில் போக வேண்டும். கடி அதிகம் பதிவாகும் வார்டுக்கு முதலிடம்.

நாய் வளர்ப்பவர்களுக்கு: தேர்தல் வரும் வரை காத்திருக்காமல்

வேட்பாளரைக் கேள்வி கேட்கும் முன் நம் வீட்டு வாசலைப் பார்த்துக்கொள்வது நல்லது.

*செய்ய வேண்டியவை:* மூன்று மாதக் குட்டியிலிருந்தே ரேபிஸ் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும் மறுஊசி, சான்றைப் பத்திரமாக வைத்தல். வெளியே கூட்டிப் போகும்போது கயிறு. மிரளும் நாய்க்கு வாய்மூடி. குட்டி வேண்டாம் என்றால் கருத்தடை. பூனைக்கும் இதே ஊசி உண்டு. பூனை பிறாண்டினாலும் கடித்தாலும் ரேபிஸ் வரலாம்.

*செய்யக்கூடாதவை:* குட்டியாக இருக்கும்போது கொஞ்சிவிட்டு, வளர்ந்ததும் தெருவில் விடாதீர்கள். காரணமில்லாமல் கைவிடுவது 1960 சட்டப்படியே குற்றம். முதல் தடவைக்கு அந்தச் சட்டம் போடும் அபராதம் 10 முதல் 50 ரூபாய் என்பது வேறு கதை. ஆனால் உங்கள் நாய் யாரையாவது கடித்து, அடக்கி வைக்காமல் விட்டது நீங்கள் என்று தெரிந்தால், நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி போன்ற நம் நாட்டு இனங்களை வாங்குகிறவர்கள் அவை ஓடவும் வேலை செய்யவும் பிறந்தவை என்பதை அறிந்து வாங்குங்கள். பத்துக்குப் பத்து அறையில் கட்டிப்போட்டால் குணம் கெடும்.

கடிபட்டால்: எந்தக் கட்சி ஆனாலும்

*செய்ய வேண்டியவை:* உடனே காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். அன்றே அரசு மருத்துவமனை. ஊசி நாட்கள் முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28-வது நாட்கள். ஒன்றையும் தவற விடாதீர்கள்.

*செய்யக்கூடாதவை:* மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, மஞ்சள், மண் எதையும் காயத்தில் அப்பாதீர்கள். மந்திரித்துக் கயிறு கட்டி நிறுத்தாதீர்கள். நாய்க்கு என்ன ஆகிறது என்று பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்று தள்ளாதீர்கள். ரேபிஸின் அறிகுறி தெரிந்த பிறகு வைத்தியம் கிடையாது. நீலகிரியின் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்கியது 1907-ல். நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஊசி நம் மாநிலத்திலேயே இருக்கிறது. தாமதத்தால் ஓர் உயிர் போவதற்குச் சாக்கே இல்லை.

வேட்பாளரிடம் கொடுக்கும் பிராது

கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள். அல்லது ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

1. நம் வார்டில் நாய்கள் எத்தனை, கருத்தடை ஆனவை எத்தனை?
2. கருத்தடை மையம் எங்கே, எந்த மாதத்துக்குள்?
3. இறைச்சிக் கழிவை யார், எத்தனை மணிக்கு எடுப்பார்கள்?
4. நாய்க்குச் சோறு வைக்கும் இடம் எது?
5. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையத்தில் உச்ச நீதிமன்ற உத்தரவு நிறைவேறியதா? அதற்குப் பிறகு புதிய உத்தரவு வந்திருந்தால் அது என்ன?
6. திரியும் மாட்டுக்குக் கொண்டித் தொழுவம் எங்கே?

ஆறில் நான்குக்கு நேரான பதில் சொன்னவர் எந்தக் கட்சி ஆனாலும் கேட்கத் தகுந்தவர். ஆறுக்கும் "பாத்துக்கலாம்" என்றவருக்கு நீங்களும் அதையே சொல்லி அனுப்பலாம். தாளின் கீழே உங்கள் பெயர், வார்டு எண், தேதி எழுதுங்கள். பீரோவில் வைத்துவிட்டு, சரியாக ஓராண்டு கழித்து அதே நாளில் எடுத்துக்கொண்டு கவுன்சிலர் வீட்டுக்குப் போங்கள்.